ரத்தக்குழாய் கசியாமல் காக்கும் கொழுப்பு

கேள்வி சுருக்கமாக இது: "ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்தால் அடைப்பு வரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் கொழுப்பு மூலக்கூறுகள் செல்களுக்குச் செய்தி சொல்கின்றன என்றும், அவற்றில் ஒன்று ரத்தக்குழாயைப் பாதுகாக்கிறது என்றும் டிமதி ஹ்லா என்ற ஆய்வாளர் காட்டியிருப்பதாகப் படித்தேன். இது உண்மையா? என் அப்பாவுக்கு நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். 34 என்று வந்திருக்கிறது. இந்த ஆய்வால் அவருக்கு ஏதாவது பயன் உண்டா?"

உண்மைதான். அப்பாவைப் பற்றிய பகுதிக்குக் கடைசியில் வருகிறேன். இடையில் உள்ளதைப் படித்தால்தான் அந்தப் பதிலுக்குக் காரணம் விளங்கும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் கொலஸ்டிராலும் ட்ரைகிளிசரைடும் உடல் கட்டுமானத்துக்கும் எரிபொருளுக்கும் பயன்படுத்தும் கொழுப்புகள். அவை ரத்தத்தில் ஏராளமாக இருக்கின்றன. ஹ்லாவின் ஆய்வில் நடுநாயகமாக நிற்கும் கொழுப்பின் பெயர் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட். இனி எஸ்1பி என்று சுருக்கிக்கொள்கிறேன். ரத்தத்தில் இதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமோல்தான். கொலஸ்டிராலோ அதைப்போல் பல ஆயிரம் மடங்கு இருக்கிறது. எஸ்1பி படிந்து எந்தக் குழாயையும் அடைக்க முடியாது. ஹார்மோன்களைப் போல, செல்லின் மேற்பரப்பில் தனக்கென்று இருக்கும் ஏற்பியில் பொருந்தி, செல்லுக்குள் ஒரு வேலையைத் தொடங்கி வைப்பதே அது செய்வது. கொழுப்புச் சமிக்ஞை என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான்.

கொழுப்புக்கு இப்படியொரு வேலை இருக்கும் என்று நெடுங்காலம் யாரும் நினைக்கவில்லை. செல்லைச் சுற்றியிருக்கும் படலம் கொழுப்பால் ஆனது. அது உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் வைத்திருக்கும் தடுப்பு, அவ்வளவுதான் என்பதே பாடம். 1953-இல் லோவெல் ஹோக்கின், மேபல் ஹோக்கின் தம்பதியர், கணையத் திசுவைத் தூண்டியதும் படலத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு வேகமாக மாற்றமடைவதைக் கவனித்தார்கள். அதன் பொருள் முழுதாகப் புரிய இன்னும் முப்பது ஆண்டுகள் போல ஆயின. 1971-இல் ஜான் வேன், புரோஸ்டாகிளாண்டின் என்ற கொழுப்புகள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று கண்டறிந்தார். ஸ்பிங்கோசின் வகைக் கொழுப்புகளின் கதையோ 1986-இல் திரும்பியது. யூசுஃப் ஹன்னுனும் ராபர்ட் பெல்லும், ஸ்பிங்கோசின் புரோட்டீன் கைனேஸ் சி என்ற முக்கியமான நொதியைத் தடுக்கிறது என்று காட்டிய பிறகுதான், கட்டுமானப் பொருள் என்று ஒதுக்கப்பட்டிருந்த இந்தக் குடும்பத்தைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டிலேயே கொழுப்புச் சமிக்ஞையைத் திருத்தும் மாத்திரை ஒன்று இருக்கக்கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு நாள்தோறும் கொடுக்கப்படும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின்தான் அது. தட்டணுக்கள் த்ராம்பாக்ஸேன் என்ற கொழுப்பை வெளியிட்டு ஒன்றையொன்று கூட்டி உறையச் செய்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரோ புரோஸ்டாசைக்ளின் என்ற இன்னொரு கொழுப்பை வெளியிட்டு அவற்றைச் சிதறவைக்கிறது, குழாயையும் விரிக்கிறது. இரண்டையும் உருவாக்கும் காக்ஸ் என்ற நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியைச் செய்துகொள்ள வழியில்லை. அது தன் ஆயுள் முழுவதும் முடங்கியே கிடக்கும். உட்சுவர்ச் செல்கள் சில மணி நேரத்தில் புதிய நொதியைச் செய்துகொண்டு மீண்டுவிடும். குறைந்த அளவு ஆஸ்பிரின் இதயத்துக்கு உதவுவது இந்த வேறுபாட்டால்தான். இந்த நொதிக் குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினரான மனித காக்ஸ்-2-இன் மரபணு வரிசையை 1992-இல் வெளியிட்டவர்களில் ஹ்லாவும் ஒருவர். ஆகவே கொழுப்பும் ரத்தக்குழாயும் சந்திக்கும் இடத்திலேயே அவர் தொடக்கத்திலிருந்து வேலை செய்து வந்திருக்கிறார்.

உட்சுவர் என்று சொன்னதை எண்டோதீலியம் என்பார்கள். ஒரே ஒரு செல் தடிமன் கொண்ட அடுக்கு. இதயத்திலிருந்து மிக நுண்ணிய தந்துகி வரை ரத்தம் தொடும் பரப்பு முழுவதும் இதுதான். ரத்தத்தின் நீரும் புரதமும் தேவைக்கு மேல் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது, வெள்ளணுக்கள் எங்கே இறங்க வேண்டும் என்று தீர்மானிப்பது, தேவைப்படும் இடத்தில் புதிய குழாயை முளைக்கவிடுவது, எல்லாம் இதன் பொறுப்பு.

1980-களின் கடைசியில் ஹ்லா, மேரிலாந்து மாநிலத்தின் ராக்வில் நகரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய ஹாலந்து ஆய்வகத்தில் தாமஸ் மேசியாக்கோடு வேலை செய்துகொண்டிருந்தார். தட்டில் வளரும் எண்டோதீலியச் செல்கள் பெருகுவதை நிறுத்திக் குழாய் வடிவத்தில் ஒழுங்குபடும்போது எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பதே அவர்களுடைய கேள்வி. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த மனித எண்டோதீலியச் செல்களுக்கு ஃபோர்பால் எஸ்டர் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து அவற்றை மாறச் செய்தார்கள். இந்த ஃபோர்பால் எஸ்டர் நமக்கு அந்நியமானதல்ல. சித்த மருத்துவத்தில் நன்கு சுத்தி செய்த பிறகே பேதிக்குக் கொடுக்கப்படும் நேர்வாளத்தின் எண்ணெயிலிருந்து கிடைப்பது அது. நேர்வாள எண்ணெய் தோலில் பட்டால் கொப்புளிப்பதும் இதனால்தான். செல்லுக்குள் இயல்பாக உருவாகும் டையாசைல்கிளிசரால் என்ற கொழுப்புச் சமிக்ஞையைப் போல இது நடிக்கிறது. செல் அதை நம்பிவிடுகிறது.

அந்தச் சோதனையில் விழித்த மரபணுக்களில் ஒன்றுக்கு எட்ஜ்-1 என்று பெயரிட்டு 1990-இல் வெளியிட்டார்கள். அதன் வரிசையைப் பார்த்தால், செல் படலத்தை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அட்ரினலின் ஏற்பி, ஒளியை உணரும் ரோடாப்சின் எல்லாம் இதே குடும்பம். ஆனால் எட்ஜ்-1 எதை ஏற்கும் ஏற்பி? அதுதான் தெரியவில்லை. இப்படி இணை தெரியாத ஏற்பிகளை ஆய்வாளர்கள் அநாதை ஏற்பி என்பார்கள். ரத்தக்குழாயில் ஏராளமாக உருவாகிறது, ஏதோ முக்கியமானது என்று தெரிகிறது, ஆனால் அதனிடம் பேசும் பொருள் எதுவென்று தெரியவில்லை. அந்த நிலையில் எட்டு ஆண்டுகள் போயின. இந்த எட்டு ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். பயன் என்னவென்று சொல்ல முடியாத ஒரு மரபணுவோடு ஒருவர் விடாமல் இருந்ததால்தான் பிறகு வந்ததெல்லாம் வந்தது. அப்படியான ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதுவது எத்தனை கடினம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

1996-இல் ஒரு துப்பு கிடைத்தது. எட்ஜ்-1-க்கு நெருங்கிய உறவான இன்னொரு ஏற்பி, லைசோபாஸ்பாட்டிடிக் அமிலம் என்ற கொழுப்பை ஏற்கிறது என்று ஜெரால்ட் சன் குழு காட்டியது. அப்படியானால் எட்ஜ்-1-உம் ஏதாவது கொழுப்பை ஏற்கலாம். அதே காலத்தில் சாரா ஸ்பீகல், எஸ்1பி செல்களைப் பெருகச் செய்கிறது என்று காட்டி, அது செல்லுக்குள்ளே வேலை செய்யும் தூதுப்பொருள் என்று வாதிட்டு வந்தார். 1998-இல் ஹ்லா, ஸ்பீகல் இருவரின் குழுக்களும் சேர்ந்து சயன்ஸ் இதழில் விடையை வெளியிட்டன: எட்ஜ்-1 ஏற்பது எஸ்1பியைத்தான். சில நானோமோல் செறிவு இருந்தாலே போதும், பற்றிக்கொள்கிறது. எட்ஜ்-1-ஐ மிகுதியாக உருவாக்கும் செல்களுக்கு எஸ்1பி கொடுத்தால் அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. அந்த ஏற்பி இன்று எஸ்1பி1 என்று அழைக்கப்படுகிறது. அதன் குடும்பத்தில் மொத்தம் ஐந்து ஏற்பிகள் இருக்கின்றன.

இறுகப் பிடித்துக்கொள்வது என்றேன் அல்லவா, முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. எண்டோதீலியச் செல்கள் அருகருகே ஒட்டி நின்றால் குழாய் கசியாது. எஸ்1பி1 தூண்டப்பட்டால் செல்லுக்குள் ராக் என்ற புரதம் இயங்குகிறது. செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகள் விளிம்பை நோக்கிப் போய் வளையமாகச் சேர்கின்றன. பக்கத்துச் செல்லோடு உள்ள இணைப்புகள் பலப்படுகின்றன. அதே எஸ்1பி, எஸ்1பி2 என்ற ஏற்பியில் பொருந்தினால் ரோ என்ற புரதம் மேலோங்குகிறது. இழைகள் செல்லின் குறுக்கே இழுபட்டுச் செல் சுருங்குகிறது. இணைப்பில் இடைவெளி விழுகிறது. ஒரே மூலக்கூறுதான். எந்த ஏற்பி அதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துக் குழாய் இறுகவும் செய்யும், கசியவும் செய்யும். இந்தக் கொழுப்பு நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்.

இந்த ஏற்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் புரோயாவும் ஹ்லாவும் உள்ளிட்டோர் எலியில் காட்டினார்கள். எட்ஜ்-1 மரபணு நீக்கப்பட்ட எலிக்கரு, கருவுற்று பன்னிரண்டு பதினான்கு நாளில் ரத்தக் கசிவால் இறந்துவிடுகிறது. குழாய்கள் உருவாகாமல் இல்லை. உருவாகிக் கிளைக்கவும் செய்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றி வந்து அணைத்து நிற்க வேண்டிய தசைச் செல்கள் சரியாக வந்து சேர்வதில்லை. பிறகு எண்டோதீலியத்தில் மட்டும் இந்த ஏற்பியை நீக்கிப் பார்த்தபோதும் அதே முடிவுதான். குழாயை முதிரச் செய்யும் கட்டளை எண்டோதீலியத்திலிருந்தே புறப்படுகிறது என்பது அதனால் உறுதியானது.

அடுத்த கேள்வி, இந்த எஸ்1பி எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சிவப்பணுக்களிலிருந்து. பிராணவாயுவைச் சுமப்பது மட்டுமே வேலை என்று பள்ளியில் படித்த சிவப்பணு, எஸ்1பியைச் செய்து சேமித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதி அதனிடம் இல்லை. எண்டோதீலியமும் ஒரு பங்கு தருகிறது. 2007-இல் ஷான் காஃப்லின் குழு ரத்தத்தில் எஸ்1பி அறவே இல்லாத எலிகளை உருவாக்கியது. 2009-இல் அதே எலிகளில் ரத்தக்குழாய் இயல்பாகவே கசிவதையும், ஒவ்வாமை போன்ற அதிர்ச்சி வந்தால் அவை எளிதில் இறப்பதையும் காட்டினார்கள். அந்த எலிகளுக்கு இயல்பான சிவப்பணுக்களை ஏற்றியபோது ரத்தத்தில் எஸ்1பி திரும்பியது; கசிவும் குறைந்தது. இத்தனை தெளிவான ஒரு சோதனை அமைவது அரிது. இந்தத் துறையில் யாராவது ஒரே ஒரு ஆய்வைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்.

ரத்தத்தில் மிகுதி, நிணநீரில் கொஞ்சம், திசுக்களுக்குள் மிகக் குறைவு என்று உடலெங்கும் எஸ்1பி ஏற்றத்தாழ்வோடு இருக்கிறது. திசுக்களில் அதைச் சிதைக்கும் லையேஸ் என்ற நொதி ஓயாமல் வேலை செய்வதால் இந்த வேறுபாடு நிலைக்கிறது. நோய் எதிர்ப்புக்கான லிம்போசைட் அணுக்கள் நிணநீர்க்கணுவிலிருந்து வெளியேறி ரத்தத்துக்குத் திரும்புவது, வெல்லம் இருக்கும் திசைக்கு எறும்பு போவதுபோல, எஸ்1பி மிகுந்த திசையை நோக்கித்தான். அவற்றுக்கும் எஸ்1பி1 ஏற்பி வேண்டும் என்று 2004-இல் ஜேசன் சைஸ்டர் குழு நிறுவியது. அடுத்த ஆண்டே அதே குழு இன்னொரு வியப்பான செய்தியைச் சொன்னது: உணவுக்குப் பழுப்பு நிறம் தரும் ஒருவகைக் காரமல் சாயத்தில் உள்ள ஒரு பொருள் எலிகளின் ரத்தத்தில் லிம்போசைட்டுகளைக் குறைப்பது முன்பே தெரிந்திருந்தது; அது லையேஸ் நொதியை முடக்கித் திசுவில் எஸ்1பியைப் பெருகவிடுவதால்தான் என்று காரணம் கண்டார்கள். எங்கும் ஒரே அளவு என்றாகிவிட்டால் அணுவுக்குத் திசை தெரியாது.

இங்கேதான் முற்றிலும் வேறொரு பாதையில் வந்த ஒரு மருந்து இந்தக் கதையோடு சேர்கிறது. சிள்வண்டின் இளம்புழு மேல் வளரும் ஐசேரியா சின்க்ளேரி என்ற பூஞ்சையிலிருந்து, நோய் எதிர்ப்பை அடக்கும் ஒரு பொருளை ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டெட்சுரோ ஃபுஜிதா குழு பிரித்தெடுத்தது. அது நச்சுத்தன்மை உடையது. அதன் அமைப்பை எளிதாக்கிக்கொண்டே போய் எஃப்.டி.ஒய்.720 என்ற பொருளை 1990-களில் செய்தார்கள். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் உடல் அந்த உறுப்பை நிராகரிக்காமல் இருக்கப் பயன்படும் என்பது நோக்கம். மருந்து வேலை செய்தது, ஆனால் எப்படி என்று செய்தவர்களுக்கே விளங்கவில்லை. கொடுத்தால் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறைந்துவிடும். ஆனால் அவை இறப்பதில்லை. 2002-இல் இரண்டு மருந்து நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தனித்தனியாக விடையைக் கண்டார்கள். உடலுக்குள் போனதும் இந்த மருந்தில் ஒரு பாஸ்பேட் சேர்கிறது. அதன்பின் அது எஸ்1பி போலவே தோற்றமளித்து எஸ்1பி ஏற்பிகளில் பொருந்துகிறது. ஹ்லாவின் அநாதை மரபணுவுக்கும் ஜப்பானியப் பூஞ்சைக்கும் ஒரே முகவரி என்று அப்போதுதான் தெரிந்தது.

சிறுநீரக மாற்றில் ஏற்கெனவே இருந்த மருந்துகளை விட இது மேலானதாக இல்லை. அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில், அதாவது உடலின் சொந்த லிம்போசைட்டுகளே மூளை நரம்பின் உறையைத் தாக்கும் நோயில், நல்ல பலன் தந்தது. 2010-இல் வெளியான பெரிய சோதனை ஒன்றில் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.40 முறை நோய் மீண்டும் தாக்கியது, மருந்தெடுத்தவர்களுக்கு 0.18 முறை. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிங்கோலிமோட் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த நோயின் தாக்குதலைக் குறைக்க அங்கே அனுமதி பெற்றவற்றில், ஊசியாக அல்லாமல் வாய்வழி எடுக்கும் முதல் மருந்து அதுதான். பிறகு சிப்போனிமோட், ஓசானிமோட், போனெசிமோட் என்று அதே குடும்பத்தில் பல வந்தன. ஓசானிமோடும் 2023-இல் வந்த எட்ராசிமோடும் பெருங்குடல் புண் நோய்க்கும் கொடுக்கப்படுகின்றன.

இந்த மருந்துகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹ்லா குழுவின் பிற்கால ஆய்வு அதைச் சுற்றியே அமைந்தது. ஃபிங்கோலிமோட் ஏற்பியைத் தூண்டும் மருந்துதான். ஆனால் அது பொருந்திய பிறகு ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. இயல்பான எஸ்1பி பொருந்தினால் ஏற்பி மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடும். இந்த மருந்து பொருந்தினால் திரும்புவதில்லை. 2007-இல் ஹ்லா குழு இந்தச் சிதைவின் வழியை விளக்கியது. லிம்போசைட்டுக்கு ஏற்பி இல்லாமல் போவதுதான் மருந்தின் பலன். அதே ஏற்பி எண்டோதீலியத்திலும் இல்லாமல் போனால் குழாய் கசியத் தொடங்கும். இந்த மருந்தெடுப்பவர்களில் சிலருக்குக் கண்ணின் விழித்திரை நடுவே நீர் கோப்பது அறியப்பட்ட பக்கவிளைவு. இதயச் செல்களிலும் எஸ்1பி ஏற்பிகள் இருப்பதால் முதல் மாத்திரையில் நாடித்துடிப்பு குறைகிறது. ஃபிங்கோலிமோட் முதல்முறை கொடுத்ததும் ஆறு மணி நேரம் நோயாளியைக் கண்காணிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அப்படியென்றால் லிம்போசைட்டைத் தொடாமல், எண்டோதீலியத்தின் ஏற்பியை மட்டும், அதுவும் சிதைக்காமல் தூண்ட முடியுமா? இதற்கு விடை தேட ஹ்லா திரும்பிப் பார்த்தது, ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் எச்.டி.எல். துகளை. எஸ்1பி கொழுப்பு என்பதால் ரத்த நீரில் தனியே மிதக்க முடியாது. யாராவது சுமக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எச்.டி.எல். சுமக்கிறது, மீதி பெரும்பாலும் அல்புமின் புரதத்தில் இருக்கிறது. எச்.டி.எல்.லில் அதைப் பிடித்து வைத்திருப்பது அப்போலிப்போபுரோட்டீன் எம் என்ற சிறு புரதம், அபோ-எம் என்பார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் பியோர்ன் டால்பேக் குழு 1999-இல் கண்டுபிடித்தது இது. 2011-இல் டென்மார்க்கின் கிறிஸ்டினா கிறிஸ்டோஃபர்சன், டால்பேக், ஹ்லா உள்ளிட்டோர், எச்.டி.எல்.லின் எஸ்1பி முழுவதும் அபோ-எம்மில்தான் அமர்ந்திருக்கிறது என்றும், அபோ-எம் இல்லாத எலிகளின் நுரையீரலில் ரத்தக்குழாய்கள் கசிகின்றன என்றும் காட்டினார்கள். எச்.டி.எல். துகள்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தில்தான் அபோ-எம் இருக்கிறது. ரத்தக்குழாய்க்கு எச்.டி.எல். செய்யும் நன்மையில் ஒரு பெரிய பகுதியை இந்தச் சிறுபான்மைத் துகள்கள் செய்கின்றன.

அதைவிட முக்கியமானது 2015-இல் வந்தது. அல்புமின் கொண்டுவரும் எஸ்1பியும் எச்.டி.எல். கொண்டுவரும் எஸ்1பியும் ஒரே ஏற்பியில் பொருந்தினாலும் செல் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எச்.டி.எல்.லோடு வந்தது எண்டோதீலியத்தின் அழற்சியை அடக்கியது; அல்புமினோடு வந்தது அந்த அளவுக்கு அடக்கவில்லை. சுமப்பவர் வெறும் சுமையாளர் அல்லர் என்பதுதான், என் கணிப்பில், ஹ்லாவின் ஆய்வு வாழ்க்கையில் மிக ஆழமான கண்டுபிடிப்பு. ஏற்பியைக் கண்டது பெரிய வேலைதான். ஆனால் அதை இன்னொருவரும் சில ஆண்டுகளில் கண்டிருப்பார். ஒரே மூலக்கூறு வந்து சேரும் விதத்தால் செய்தி மாறுகிறது என்ற கேள்வியைக் கேட்பதற்கு அதனோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும்.

ரத்த ஓட்டத்துக்கும் இதில் பங்குண்டு. சீராக ரத்தம் பாயும் இடத்தில் எஸ்1பி1 செல்லின் மேற்பரப்பில் நின்று வேலை செய்கிறது. சுழிப்பு ஏற்படும் கிளைப்பிரிவுகளில் அதன் வேலை குலைகிறது என்று 2012-இல் ஹ்லா குழு காட்டியது. அடைப்பு பெரும்பாலும் தமனிகளின் கிளைப்பிரிவில் தொடங்குவது மருத்துவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி.

போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ரத்தக்குழாய் உயிரியல் பிரிவில் இப்போது ஹ்லா பணியாற்றுகிறார். புற்றுநோய் தனக்கான ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது என்று 1971-இல் முன்மொழிந்த ஜூடா ஃபோக்மன் கட்டிய பிரிவு அது. 2017-இல் ஹ்லா குழு அபோ-எம்மை எதிர்ப்புரதத்தின் ஒரு பகுதியோடு இணைத்து, ரத்தத்தில் நெடுநேரம் தங்கி எஸ்1பியைச் சுமக்கும் ஒரு செயற்கைப் புரதத்தை உருவாக்கியது. எலிகளில் அது உயர் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிலைகளில் திசுச் சேதத்தைக் குறைத்தது, லிம்போசைட்டுகளைக் குறைக்கவில்லை. அவர் தேடியது கிடைத்தது என்றே சொல்லலாம், எலியின் அளவுக்கு. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் எத்தனையோ உண்டு.

ரத்தக்குழாய்க் கசிவு என்றதும் தமிழ் வாசகர்களுக்கு டெங்கு நினைவுக்கு வர வேண்டும். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காய்ச்சலல்ல. காய்ச்சல் தணியும் வேளையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்வதுதான். இலங்கையின் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் நீலிகா மலவிகே குழு, கசிவு ஏற்படும் கடுமையான டெங்கு நோயாளிகளின் ரத்தத்தில் எஸ்1பி குறைவாக இருப்பதை 2014-இல் வெளியிட்டது. தட்டணுத் தூண்டுக் காரணி என்ற இன்னொரு கொழுப்புச் சமிக்ஞை அவர்களிடம் மிகுந்திருப்பதையும், நோயாளியின் ரத்தநீர் எண்டோதீலிய இணைப்புகளைக் குலைப்பதில் அதற்குப் பங்கிருப்பதையும் அடுத்த ஆண்டு காட்டியது. அந்தக் காரணியைத் தடுக்கும் ரூபாட்டடீன் என்ற ஒவ்வாமை மாத்திரையை டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். கசிவைத் தடுக்கும் முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை. சில நாட்களில் சில அளவீடுகளில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. டெங்கு வந்தால் அந்த மாத்திரையை வாங்கிப் போடலாம் என்று யாரும் இதைப் படித்து நினைக்க வேண்டாம். ஆனால் நம் ஊர்களை ஆண்டுதோறும் வாட்டும் நோய்க்குக் கொழும்பின் பக்கத்திலேயே இந்தக் கோணத்தில் ஆய்வு நடக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தி.

இனி உங்கள் அப்பா. எச்.டி.எல். 34 குறைவுதான். அதைக் கூட்டும் மாத்திரை உண்டா என்றால், எண்ணைக் கூட்டும் மருந்துகள் இருந்தன, பெரும்பாலானவை மாரடைப்பைக் குறைக்கவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை எழுபது சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையில் அதை எடுத்தவர்களே அதிகம் இறந்ததால் 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். அந்த மருந்துக்கு ரத்த அழுத்தத்தை உயர்த்தும் தனிக் குறையும் இருந்தது. அந்தக் குறை இல்லாத டால்செட்ராபிபும் பலன் தராமல் 2012-இல் நின்றது. நயாசின் மாத்திரையும் பெரிய சோதனையில் தேறவில்லை. பிறப்பிலேயே எச்.டி.எல். மிகும் மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கும் மாரடைப்பு குறைவதில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சீட்டில் உள்ள எண் எச்.டி.எல். சுமக்கும் கொலஸ்டிராலை அளக்கிறது. அது சுமக்கும் எஸ்1பியை அளப்பதில்லை. இதயத் தமனி நோயுள்ளவர்களின் எச்.டி.எல்.லில் எஸ்1பி குறைந்திருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எஸ்1பி, அபோ-எம் ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் வழக்கமான பரிசோதனை இன்று இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

எச்.டி.எல். இப்படிக் குறைந்திருக்கும்போது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு கூடியிருக்கும், இடுப்புச் சுற்றளவு மிகுந்திருக்கும், சர்க்கரை எல்லையில் நிற்கும். தெற்காசியர்களிடம் இந்தச் சேர்க்கை மிகவும் பரவலானது. எனவே எச்.டி.எல்.லைத் தனியே துரத்தாமல் கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் தேவையா என்பதை அவர் அப்பாவின் வயதையும் மொத்த ஆபத்தையும் வைத்து முடிவு செய்வார். அப்பா புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்துவது முதல் வேலை. எண்டோதீலியத்துக்கு அதைப்போல் கேடு செய்வது வேறு அதிகமில்லை. நாள்தோறும் வேகமாக நடப்பது எச்.டி.எல். எண்ணைச் சிறிதளவே உயர்த்தும். ஆனால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது.